லேபில் ஒரு விடை, வீட்டில் ஒரு விடை: முதல் கம்பைலரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

8 ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் 8 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது, 40,320. டர்போ சி இன்னும் ஓடுகிற ஒரு கல்லூரி லேபில் உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டில் இருக்கிற ஃபேக்டோரியல் புரோகிராமை அப்படியே அடித்து 8 என்று கொடுத்தால், திரையில் -25,216 என்று வரும். அதே புரோகிராமை வீட்டு லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலரில் ஓட்டினால் 40,320 என்று சரியாக வரும். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர்தான் மாறியிருக்கிறது.

காரணம் எளிது. டர்போ சி 16 பிட் காலத்துக் கம்பைலர். அதில் முழு எண்ணை வைக்கிற 'இன்ட்' வகை என்றால் 2 பைட், அதிகபட்சம் 32,767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். இன்றைய கம்பைலர்களில் இன்ட் 4 பைட், 214 கோடிக்கு மேல் தாங்கும். அதனால் 8 தப்பிக்கிறது. 12 வரைகூடச் சரியாக வரும். 13 கொடுத்தால் 622 கோடியே சொச்சம் வரவேண்டும், வருவதோ 1,93,20,53,504. இது மைனஸ்கூட இல்லை, பார்த்தால் உண்மையான விடை போலவே இருக்கும். இன்ட்டை விடப் பெரிய 'லாங் லாங்' வகைக்கு மாற்றினால் 20 ஃபேக்டோரியல் வரை போகலாம். டர்போ சிக்கு அந்த வகையே தெரியாது, ஏனென்றால் அது சி மொழியின் தரத்துக்குள் வந்தது 1999-ல். பைத்தானில் 50 கொடுத்தாலும் முழு எண்ணும் வந்து விழும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முதலாமாண்டு சேருகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்கிற கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் போடணும்ணே?" என்பது. சில வாரம் கழிந்ததும் அது "லேப்ல ஓடுன புரோகிராம் வீட்டுல ஓட மாட்டேங்கு" என்று மாறும். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது முதலில் கம்பைலரை, அப்புறம்தான் அதைச் சுற்றியிருக்கிற ஜன்னலை. பெரும்பாலானவர்கள் ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கறுப்புத் திரையில் வண்ண எழுத்து அழகாக இருக்கிறது என்று விஎஸ் கோடைப் போட்டுவிட்டு, ரன் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று வந்து நிற்கிறார்கள்.

விஎஸ் கோடு கம்பைலர் இல்லை. அது எழுதுகிற இடம், அதாவது எடிட்டர். நாம் எழுதுவதை நிறம் பிரித்துக் காட்டும், எழுத்துப்பிழையைக் கோடிட்டுக் காட்டும். சி மொழியில் எழுதியதை மெஷின் புரிந்துகொள்கிற கட்டளைகளாக மாற்றித் தருவது ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் போன்ற கம்பைலர்கள். ஜிசிசி 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது, இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. எடிட்டர், கம்பைலர், தவறு தேடுகிற டீபக்கர் மூன்றையும் ஒரே ஜன்னலுக்குள் கோத்து வைத்தால் அது ஐடிஇ. கோட் பிளாக்ஸ், டெவ் சி பிளஸ் பிளஸ், விஷுவல் ஸ்டூடியோ இதெல்லாம் அந்த வகை. விஷுவல் ஸ்டூடியோ வேறு, விஷுவல் ஸ்டூடியோ கோடு வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இங்கே தடுமாறாதவர்கள் குறைவு.

டர்போ சியைக் குறைவாகப் பேசுவது நியாயமில்லை. போர்லாண்ட் கம்பெனி 1983-ல் டர்போ பாஸ்கலைக் கொண்டுவந்தபோது, எழுதுவது, கம்பைல் செய்வது, எரர் வந்த வரியில் போய் நிற்பது எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்தது பெரிய விஷயம். 1987-ல் டர்போ சி, 1990-ல் டர்போ சி பிளஸ் பிளஸ் வந்தன. அன்றைய சின்ன மெஷினில் அவ்வளவு வேகமாக ஓடிய கருவி அது. இந்தியக் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே அதில்தான் சி படித்தது. இன்றும் அது லேபில் நிற்பதற்குக் காரணம் ஆசிரியர்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டு அதற்கேற்ப எழுதப்பட்டிருக்கிறது, லேப் எக்ஸாமில் எக்ஸ்டர்னல் வருபவர் அதே அவுட்புட்டைத்தான் எதிர்பார்க்கிறார், மெஷின்கள் பழையவை, எல்லாவற்றையும் மாற்ற ஒருவர் முன்வந்து ஒரு செமஸ்டர் உழைக்க வேண்டும்.

ஆனால் விலை கொடுப்பது மாணவர். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு உலகத் தரம் வந்தது 1998-ல். டர்போ சி பிளஸ் பிளஸ் அதற்கு முந்தியது. அதனால் அதில் படித்தவர் முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்ற ஹெட்டர் ஃபைலின் பெயரை எழுதப் பழகியிருப்பார். இன்றைய கம்பைலரில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது, முதல் வரியிலேயே நின்றுவிடும். 'வாய்டு மெயின்' என்று எழுதினால் சி பிளஸ் பிளஸ்ஸில் ஜிசிசி அதை எரர் என்றே சொல்லும். திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்', ஒரு கீயை அழுத்தும்வரை நிறுத்தி வைக்கும் 'கெட் சிஹெச்' இரண்டும் சி மொழியின் பகுதியே இல்லை. அவை போர்லாண்ட் தன் கருவியோடு சேர்த்துத் தந்தவை. இன்னொன்று கவனியுங்கள். டர்போவைத் திறந்ததும் வருகிற புது ஃபைலின் பெயர் 'நோநேம்00' என்று தொடங்கி 'சிபிபி' என்று முடியும். அந்தப் பெயரிலேயே சேமித்தால், சி படிப்பதாக நினைத்துக்கொண்டு சி பிளஸ் பிளஸ் விதிகளின்படி கம்பைல் செய்துகொண்டிருப்போம். இது தெரியாமலே ஒரு செமஸ்டர் முடிந்துவிடும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் வேலை தேடிப் போவது திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு. 1990-ல் தொடங்கிய அந்த வளாகத்துக்கு நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் காலையிலேயே போய்விடலாம். அங்கேயோ சென்னையிலோ வேலைக்கு வைக்கிற ஆன்லைன் தேர்வுகளில் பின்னால் ஓடுவது பொதுவாக லினக்ஸில் ஜிசிசி. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, யோசித்து எழுதிய சரியான விடை ஒரு ஹெட்டர் ஃபைல் பெயருக்காகக் கம்பைல் ஆகாமல் நிற்பதைப் போல வருத்தம் வேறில்லை.

விண்டோஸின் 64 பிட் பதிப்புகளில் 16 பிட் புரோகிராம் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே "விண்டோஸ் 11-க்கான டர்போ சி" என்று இணையத்தில் கிடைப்பதெல்லாம் டாஸ்பாக்ஸ் என்ற பழைய டாஸ் பாவனைக்குள் யாரோ கட்டிவைத்த பொட்டலம்தான். அதைத் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கவோ, கம்ப்யூட்டர் சென்டரில் பென் டிரைவில் வாங்கவோ வேண்டாம்.

சரி, கம்பைலரை எதை வைத்து எடைபோடுவது? வேகம் தொடக்கக்காரருக்குத் தேவையே இல்லை. என்னைக் கேட்டால், நாம் தப்பு செய்யும்போது அது என்ன சொல்கிறது என்பது ஒன்றுதான் அளவுகோல். முதல் வருடம் முழுக்க நாம் எழுதப்போவது பெரும்பாலும் தப்புதான், அப்போது பக்கத்தில் இருந்து சொல்லித்தருவது கம்பைலர் மட்டும்தான்.

ஓர் உதாரணம். 'ஸ்கேன்எஃப்' எழுதும்போது மாறிக்கு முன்னால் & குறியை விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. டர்போ சி இதைச் சோதிப்பதே இல்லை. டாஸில் நினைவகப் பாதுகாப்பும் கிடையாது. நாம் கொடுத்த எண் எங்கோ ஓரிடத்தில் போய் எழுதப்படும், சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் வேறொரு மாறி கெட்டுப்போகும். எக்ஸாம் அன்றைக்குத்தான் அது தெரியும். ஜிசிசியில் 'வால்' (-Wall) என்ற விருப்பத்தைப் போட்டுவிட்டு அதே தப்பைச் செய்தால், எந்த வரி, எத்தனையாவது ஆர்கியூமென்ட், அங்கே முகவரி வரவேண்டும், நீ வெறும் எண்ணைக் கொடுத்திருக்கிறாய் என்று அடிக்கோடிட்டுச் சொல்லும். இது எரர் அல்ல, வார்னிங். புரோகிராம் கம்பைல் ஆகிவிடும். அதனால்தான் பிள்ளைகள் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

எந்த ஐடிஇ போட்டாலும் முதல் நாளே செய்யவேண்டியது இந்த வார்னிங்குகளை முழுதாகத் திறந்துவிடுவது. கோட் பிளாக்ஸில் செட்டிங்ஸ், கம்பைலர் என்று போனால் பெட்டிகளாக இருக்கும், 'வால்' (-Wall), 'எக்ஸ்ட்ரா' (-Wextra) என்ற பெயருள்ள இரண்டையும் டிக் செய்தால் போதும். வார்னிங் ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆன பிறகுதான் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், முதல் செமஸ்டர் தப்புகளில் பாதி ஓட்டுவதற்கு முன்பே கிடைத்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவருக்கு இன்னொரு பெரிய உதவி உண்டு. 'அட்ரஸ் சானிடைசர்' என்று ஒரு வசதி, ஜிசிசியில் 2013-லிருந்து இருக்கிறது. அர்ரேயின் எல்லையைத் தாண்டி எழுதினால், ஓடும்போதே நிறுத்தி, எந்த வரியில் தாண்டினாய் என்று காட்டும். விண்டோஸில் மின்ஜிடபிள்யூ வழியாக ஓடுகிற ஜிசிசியில் இது கிடைக்காது. லினக்ஸுக்கு மாறச் சொல்லி நான் பிள்ளைகளை வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி மெஷின் வாரியாகச் சொல்கிறேன்.

4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் என்றால், சி படிக்க கோட் பிளாக்ஸ் போதும். அதன் இறக்கம் செய்யும் பக்கத்தில் பல ஃபைல்கள் இருக்கும். பெயரில் 'மின்ஜிடபிள்யூ' என்று சேர்ந்திருப்பதை எடுக்க வேண்டும், அதில்தான் கம்பைலர் கூடவே வருகிறது. 20.03 பதிப்பில் அது ஏறத்தாழ 150 எம்பி. அந்தச் சொல் இல்லாத ஃபைலை எடுத்தால் ஜன்னல் மட்டும் வரும், கம்பைலர் வராது. டீபக்கரை ஓட்ட வேண்டுமென்றால் தனி ஃபைலாகத் திறந்தால் நடக்காது, புராஜெக்ட் ஒன்று உருவாக்கி அதற்குள் எழுத வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதீர்கள். டெஸ்க்டாப்பிலோ ஒன்டிரைவிலோ வைக்காமல் சி டிரைவில் ஒரு சின்ன பெயரில் ஃபோல்டர் போட்டுக்கொள்வது பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் சி பிளஸ் பிளஸ் இருக்கிறது, அங்கே சொல்லித்தருவது டெவ் சி பிளஸ் பிளஸ். எளிமையானது, பழைய மெஷினிலும் ஓடும். பலரிடம் இருப்பது 2015-ல் வந்த 5.11 பதிப்பு. அதற்குள் இருக்கிற ஜிசிசி 4.9.2. சி ஃபைலில் 'ஃபார்' லூப்புக்குள்ளேயே மாறியை அறிவித்தால் அது எரர் சொல்லும், ஏனென்றால் அந்த ஜிசிசி சொல்லாமல் விட்டால் எடுத்துக்கொள்வது 1990-ம் ஆண்டின் விதி. அடுத்து வந்த ஜிசிசி 5-ல்தான் 2011-ம் ஆண்டின் தரம் இயல்பானது. யூடியூபில் பார்த்து எழுதிய புரோகிராம் இங்கே ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். கம்பைலர் விருப்பங்களில் தரத்தைச் சி11 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

விஎஸ் கோடைப் பிறகு போடலாம், தவறில்லை. ஆனால் அதற்குக் கம்பைலரைத் தனியாக இறக்கி, அது இருக்கிற இடத்தைப் பாத் என்ற பட்டியலில் சேர்த்து, அப்புறம் எக்ஸ்டென்ஷன் போட்டு, இத்தனையும் முடிந்தால்தான் முதல் 'ஹலோ வேர்ல்டு' வரும். தொடங்கிய வாரமே இதில் மாட்டினவர்கள் புரோகிராமிங் தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வராதது இன்ஸ்டலேஷன்தான். அதோடு வருகிற கோபைலட் போன்ற ஏஐ உதவிகளை முதல் வருடம் அணைத்து வையுங்கள் என்பேன். லூப்பை அதுவே எழுதி முடித்துவிட்டால் லேபில் வெறும் திரை முன்னால் கை ஓடாது. விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பு 2014-லிருந்து இலவசம், நல்ல கருவி, ஆனால் பல ஜிபி இடம் பிடிக்கும். முதல் வருடத்துக்கு அது தேவையில்லை.

அடுத்து, அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய மெஷின் பல வீடுகளில் இன்னும் பீரோ மேலே இருக்கிறது. 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. இதில் புதிய பைத்தான் ஏறாது. பைத்தான் 3.8 வரைதான் விண்டோஸ் 7-ல் ஓடும். 2021-ல் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான் பைத்தானின் எரர் செய்திகள் தெளிவாயின. அடைப்புக்குறி மூடப்படவில்லை, இங்கே முக்காற்புள்ளி வேண்டும் என்று இடத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். ஆகவே அந்த மெஷினைத் தூக்கிப் போடாமல், அதில் லேசான ஒரு லினக்ஸைப் போடுங்கள். டெபியன் என்ற லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை போதும். 'பில்ட் எசென்ஷியல்' என்ற ஒரே பொதியை நிறுவினால் ஜிசிசி வந்துவிடும், எழுதுவதற்கு ஜீனி என்ற சின்ன எடிட்டர் இருக்கிறது, எஃப்9 அழுத்தினால் கம்பைல், எஃப்5 அழுத்தினால் ரன். பத்து வருடத்துக்கு மேலான மெஷின் சி படிக்கத் தாராளமாகப் போதும்.

பைத்தான் படிப்பவர்களுக்குத் தோனி (Thonny) என்ற ஐடிஇ. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கக்காரர்களுக்காகவே உருவானது. பைத்தானும் அதோடு சேர்ந்தே வந்துவிடும், பாத் பிரச்சினை இல்லை. மாறிகளின் மதிப்பு பக்கத்தில் ஒரு பட்டியலில் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் பைத்தான்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலும் அதுதான் இருந்தது என்பதால், நம் மாவட்டத்து இன்ஜினியரிங் மாணவர்கள் பலர் தொடங்கியதே இதில்தான்.

போன் மட்டும் இருக்கிறவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டில் பைத்தானுக்குப் பைடிராய்டு 3, சி, சி பிளஸ் பிளஸ்ஸுக்குச் சிஎக்ஸ்எக்ஸ்டிராய்டு என்ற செயலிகள் இரண்டும் நெட் இல்லாமலே ஓடும். டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் அதற்குள் கிளாங் கம்பைலரையே நிறுவலாம். ஒரு ஓடிஜி கேபிளும் சாதாரண யுஎஸ்பி கீபோர்டும் சேர்த்துவிட்டால் உட்கார்ந்து எழுத முடியும். பிரவுசரில் ஓடுகிற ஆன்லைன் கம்பைலர்கள் அவசரத்துக்கு நல்லவை, ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காற்றடித்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் இங்கே உண்டு. கையில் இருக்கிற மெஷினிலேயே ஓடுகிற கம்பைலர்தான் நமக்கு ஏற்றது.

கருவி எதுவானாலும், எரர் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் சிவப்பு எழுத்தைக் கண்டதும் படிக்காமலே மூடிவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. அதில் இருக்கிற ஆங்கிலம் மிகக் கொஞ்சம், திரும்பத் திரும்ப வருவது ஐந்தாறு வாக்கியங்கள். 'எக்ஸ்பெக்டட்' என்று தொடங்கினால் ஏதோ ஒரு குறி விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் அரைப்புள்ளி, அதுவும் சொல்லப்பட்ட வரிக்கு முந்தைய வரியில் இருக்கலாம். 'அன்டிக்ளேர்டு' என்றால் அந்தப் பெயரில் மாறியை நாம் அறிவிக்கவில்லை, இல்லை எழுத்து மாறிவிட்டது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் அது கம்பைலரின் புகாரே அல்ல. கம்பைல் ஆகி முடிந்து, துண்டுகளை இணைக்கிற லிங்கர், இந்த ஃபங்ஷன் எங்கே என்று கேட்கிறது. லினக்ஸில் வர்க்கமூலம் காண்கிற 'எஸ்கியூஆர்டி'க்கு இது வந்தால் கணித நூலகத்தை இணைக்கும் விருப்பத்தைக் கட்டளையின் கடைசியில் சேர்க்க வேண்டும். விண்டோஸில் 'பெர்மிஷன் டினைட்' வந்தால், முந்தைய முறை ஓட்டிய புரோகிராமின் கறுப்பு ஜன்னல் இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது எரர் வந்தாலும் முதலாவதை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். மிச்சத்தில் பல அதன் வால்தான்.

தமிழில் அவுட்புட் வேண்டுமானாலும் புதிய கருவிகள்தான் கைகொடுக்கும். பைத்தானில் 'கன்னியாகுமரி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 12 என்று சொல்லும். சி மொழியில் 'ஸ்டிர்லென்' 36 என்று சொல்லும். நாம் எண்ணினால் 7 எழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. புள்ளியும் கொம்பும் அதற்குத் தனித்தனி. சி எண்ணுவது பைட்டுகளை, யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட். எழுத்துகளை 7 என்று எண்ணித் தருகிற ஒரு சின்ன புரோகிராமை முயன்று பாருங்கள், ரெக்கார்டு நோட்டில் இல்லாத நல்ல பயிற்சி.

கடைசியாக, லேபில் டர்போதான் என்றால் என்ன செய்வது? வீட்டில் நவீன கம்பைலரில் எழுதி, லேபிலும் ஓடும்படி செய்ய முடியும். சி மொழி என்றால் மாறிகளை எல்லாம் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள், 'இன்ட் மெயின்' எழுதிக் கடைசியில் பூஜ்யம் ரிட்டர்ன் செய்யுங்கள், இரண்டு சாய்கோட்டுக் குறிப்புக்குப் பதில் நட்சத்திரம் போட்ட குறிப்பை எழுதுங்கள். இது 1989-ம் ஆண்டின் தரத்துக்குள் அடங்கும், டர்போவும் ஏற்கும், ஜிசிசியும் ஏற்கும். ஃபைல் பெயரை எட்டு எழுத்துக்குள் வைத்து, கடைசியில் 'சி' என்று நீங்களே தட்டிச் சேமியுங்கள். எண் 32,767-ஐத் தாண்டும் என்று தெரிந்தால் 'லாங்' போடுங்கள், ஃபேக்டோரியல் 12 வரை டர்போவிலும் சரியாக வரும். அச்சிடும்போது %d-யில் எல் எழுத்தைச் சேர்த்து %ld என்று எழுத மறக்க வேண்டாம். திரையைத் துடைக்கிற வரியும் நிறுத்தி வைக்கிற வரியும் எக்ஸாமினர் கேட்டால் மட்டும், அங்கே போய்ச் சேர்த்தால் போதும். சி பிளஸ் பிளஸ்ஸுக்கு இந்த வழி இல்லை. ஹெட்டரின் பெயரே வேறு என்பதால், லேபுக்கு ஒன்று, வெளியுலகத்துக்கு ஒன்று என இரண்டு தலைப்பு வரிகளைத் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும், துறையில் யாராவது அந்த லேபில் கோட் பிளாக்ஸை ஏற்றும்வரை.